ஊர் மாறினாலும் வரிப்பாக்கி மாறாது

கரமனையிலிருந்தோ சாலைக் கடைத்தெருவிலிருந்தோ ஒரு தமிழர் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ புறப்படுகிறார் என்றால், அதற்கு முந்தைய ஒரு மாதம் அவர் வீட்டில் கணக்குத் தீர்க்கும் காலம். பலசரக்குக் கடைப் பற்று அடைக்கப்படுகிறது. சிட்டித் தவணைக்கு மைத்துனர் பொறுப்பேற்கிறார். கைமாற்றாக வாங்கிய நூறு ரூபாயும் தேடிப்போய்த் திருப்பித் தரப்படுகிறது. கடன் வைத்துவிட்டு ஊரை விட்டுப் போனான் என்ற சொல் வரக்கூடாது என்பதில் நம்மவர்களுக்குள்ள அக்கறை பாராட்டுக்குரியது.

ஆனால் ஒரு கடன் மட்டும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அது சர்க்காருக்குத் தரவேண்டிய வரிப்பாக்கி. வில்லேஜ் ஆபீசில் கட்டவேண்டிய நிலக் கரம், நகரசபைக்குரிய வீட்டு வரி, தொழில் வரி, வருமான வரி ஆகியவற்றைக் கடனென்று யாரும் நினைப்பதில்லை. ஊரை விட்டுப் போனால் அதுவும் போய்விடும் என்றே பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. அதற்கான விலையைப் பெரும்பாலும் போனவர் கொடுப்பதில்லை, வீட்டிலிருப்பவர்களே கொடுக்கிறார்கள்.

சாலையில் சிறிய பாத்திரக் கடை நடத்திய ஒருவருக்கு 20,000 ரூபாய் வருமான வரிப் பாக்கி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கடையை மூடிவிட்டு அவர் வளைகுடா நாட்டுக்குப் போய்விடுகிறார். பாக்கிக்கு மாதம் ஒன்றுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் வட்டி ஏறுகிறது. பத்து ஆண்டுகளில் வட்டி மட்டும் 24,000 ரூபாய். இருபதாயிரம் நாற்பத்து நாலாயிரமாகிறது. நோட்டீசு பழைய வாடகை வீட்டு விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கும். தங்கை கல்யாணத்துக்கு நிலத்தை விற்க முற்படும்போதுதான் சங்கதி தெரியவருகிறது. முகூர்த்த நாள் நெருங்கும் நேரத்தில் ரசீதுக்காக அலைவது எப்படிப்பட்ட வேதனை என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

கேரளத்தில் வைத்த பாக்கிக்கு நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ வந்து யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைப்பவர்களும் உண்டு. அதற்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே வழி செய்து வைத்திருக்கிறார்கள். 1890-ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டப்படி, நிலவரிப் பாக்கியாக வசூலிக்கத்தக்க எந்தத் தொகைக்கும் ஒரு மாவட்டக் கலெக்டர் இன்னொரு மாவட்டக் கலெக்டருக்குச் சான்றிதழ் அனுப்பலாம். திருவனந்தபுரத்துப் பாக்கியைக் கன்னியாகுமரி மாவட்டக் கலெக்டர் தம் மாவட்டத்துப் பாக்கியைப் போலவே வசூலிக்கலாம். அந்தத் தொகை நியாயமற்றது என்று கருதுகிறவருக்கும் அதே சட்டத்தில் இடமுண்டு. ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு வழக்குத் தொடரலாம். இந்த உரிமை இருப்பதைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் மிகச் சிலரே.

கடல் கடந்தால் என்ன ஆகும்? ஒரு காலத்தில் கடல் உண்மையிலேயே வேலியாக இருந்தது. அதில் அடிபட்டது இந்திய சர்க்காரேதான். டெல்லியில் மின்சாரம் வழங்கிவந்த ஒரு பிரிட்டிஷ் கம்பெனி 1947-ல் தன் தொழிலை இந்திய சர்க்காருக்கு விற்றது. பணம் இங்கிலாந்துக்குப் போயிற்று. கம்பெனியும் அங்கே கலைக்கப்பட்டது. விற்பனையில் கிடைத்த ஆதாயத்துக்கு வரி கேட்டு இந்திய சர்க்கார் அங்குள்ள கோர்ட்டுகளில் வழக்காடியது. ஒரு நாட்டின் வரியை வசூலித்துக் கொடுப்பது இன்னொரு நாட்டுக் கோர்ட்டின் வேலை அல்ல என்று 1955-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்துவிட்டது.

இன்று அந்த வேலியில் பல இடங்களில் வழி திறந்துவிட்டது. வரி விஷயத்தில் நாடுகள் ஒன்றுக்கொன்று உதவும் பன்னாட்டு ஒப்பந்தம் 2012-ல் இந்தியாவில் அமலுக்கு வந்தது. எல்லா நாடுகளும் வசூலுக்கு உதவ ஒப்புக்கொண்டுவிடவில்லை என்பது உண்மை. ஆனால் அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமே இல்லை. வெளிநாட்டில் இருப்பவரின் பாக்கியை, இந்தியாவில் அவருக்கு இருக்கும் சொத்திலிருந்தும் இனி வந்து சேரும் சொத்திலிருந்தும் வசூலிக்க வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது. பாங்கிக் கணக்கும் வீடும் இங்கேதானே இருக்கின்றன!

மற்ற நாடுகள் இதில் இன்னும் கண்டிப்பு. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர் வேலையை விட்டால், முதலாளி ஒரு மாதம் முன்னதாகவே வரி இலாகாவுக்குத் தெரிவித்து, அவருக்குச் சேரவேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். வரி தீர்ந்த பிறகே மீதி கைக்கு வரும். மலேசியாவில் வரி பாக்கி உள்ளவர் நாட்டை விட்டுப் போகாமல் தடுக்கவே 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. அங்கே போகும் நம் பிள்ளைகள் இதைப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இதற்காகச் சாதாரணத் தொழிலாளி அஞ்சி நடுங்கவேண்டியதில்லை. விமானம் ஏறும் எல்லாரும் வருமான வரிச் சான்று காட்டவேண்டியதில்லை. பத்து லட்சத்துக்கு மேல் பாக்கி போன்ற குறிப்பிட்ட சந்தர்ப்பங்களில் மட்டுமே அது கேட்கப்படும் என்று மத்திய நேரடி வரி வாரியம் 2024 ஆகஸ்டில் விளக்கியிருக்கிறது. இறந்தவரின் பாக்கிக்கு வாரிசு பொறுப்பாவதும், அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான். மகனுக்கு வந்த நோட்டீசைப் பார்த்து, தன் தாலிச் சங்கிலியை விற்க நினைக்கும் தாய்க்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சர்க்கார் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. 2024 பிப்ரவரியில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன், 1962-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிச் செல்லும் சில்லறை வரிப் பாக்கிகள் ஏட்டில் கிடப்பதாகச் சொல்லி, 2009-10 வரையிலான காலத்துக்கு 25,000 ரூபாய் வரையும், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு 10,000 ரூபாய் வரையும் உள்ள பாக்கிகளைக் கைவிடுவதாக அறிவித்தார். கேரள சர்க்காரும் அதே ஆண்டில், பழைய விற்பனை வரிப் பாக்கி 50,000 ரூபாய் வரை உள்ள சிறு வியாபாரிகளுக்குத் தள்ளுபடி தந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அறுபது ஆண்டு ஏட்டில் கிடந்த பாக்கியைப் பற்றிச் சம்பந்தப்பட்டவருக்குப் புரியும்படி யாராவது சொல்லியிருந்தால், அதில் பாதி அப்போதே தீர்ந்திருக்கும்.

இங்கே மொழியும் ஒரு காரணம். மலையாள நோட்டீசைப் படிக்கத் தெரியாமல் அலமாரியில் செருகிவைக்கும் தமிழர்கள் இந்த நகரத்தில் ஏராளம். செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதித் தமிழிலேயே பதில் பெறும் உரிமையை 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தந்தது. அந்த உரிமையைக் கேட்டுப் பெறுவதில் தமிழ்ச் சங்கங்கள் முன்நிற்க வேண்டும். வீட்டு வரி நோட்டீசும் தமிழில் வரவேண்டும் என்று வற்புறுத்துவது ஒரு விழா நடத்துவதைவிடப் பயனுள்ள தொண்டு.

வெளிநாடு போகிறவர் செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. கரம், வீட்டு வரி, தொழில் வரி, வருமான வரி ஆகிய நான்குக்கும் பாக்கி உண்டா என்று கேட்டு, இருந்தால் கட்டி, முடியாவிட்டால் தவணை கேட்டு, ரசீதுகளை ஓர் உறையில் போட்டு வீட்டில் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். புதிய விலாசத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மளிகைக் கடைக்காரருக்குக் காட்டும் நாணயத்தைச் சர்க்காருக்கும் காட்டினால், பிற்பாடு வயதான பெற்றோர் ஆபீசு ஆபீசாக ஏறி இறங்கவேண்டி வராது.