நோயாளியைப் பார்க்கிறவரை யார் பார்ப்பது?



ஊரில் ஒருவருக்குக் கேன்சர் என்றால் நாம் சும்மா இருப்பதில்லை. சுகம் விசாரிக்கப் போகிறோம், காசு சேர்க்கிறோம், துஆ கேட்டு ஸ்டேட்டஸ் போடுகிறோம். எல்லாம் நல்ல விசயம்தான். ஆனால் அந்த வீட்டில் இன்னொருவரும் இருக்கிறார். மனைவி, மகள், மருமகள், சில வீடுகளில் கணவன். போகிற நமக்குப் பிளேன்டீ ஊற்றித் தருவதும் அவர்தான். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று அவரிடம் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

கிழக்கிலிருந்து மஹரகமைக்குப் போகிற குடும்பங்களை நினைத்துப் பார்ப்போம். இரவு பஸ், விடிந்தால் கிளினிக் வரிசை. ரேடியேஷன் என்றால் பெரும்பாலும் வாரத்தில் 5 நாள், பல வாரங்கள். கீமோ ஏற்றி வீட்டுக்கு வந்தாலும் ஓய்வில்லை. அந்த நாட்களில் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் பார்க்கிறவர் நடுச்சாமத்திலும் எழும்பி நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார். மாதக்கணக்கில் இப்படி விழித்திருந்தால் எரிச்சல் வராதா, அழுகை வராதா? "இது எப்ப முடியும்" என்று ஒரு நிமிசம் நினைத்துவிட்டு, நினைத்ததற்காகவே உள்ளுக்குள் வெந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஈமான் குறைவுமில்லை, பாசக் குறைவுமில்லை. களைப்பு.

நாம் என்ன சொல்கிறோம்? "ஸப்ர் செய்யுங்க, கூலி இருக்கு." சொல் சரிதான். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தால், அவர் மனதில் இருப்பதைச் சொல்ல விடாமல் வாயை அடைத்துவிட்டுத்தான் வருகிறோம். பொறுமையாக இருக்கச் சொல்கிறவர்கள் சுமையில் ஒரு பக்கத்தையாவது பிடிக்க வேண்டும்.

ஆசிரியர்களான நமக்கும் இதில் பங்குண்டு. முதல் பாடத்திலேயே தூங்குகிற பிள்ளை, கொப்பி எழுதாத பிள்ளை, உம்மா வார்ட்டில் இருப்பதால் தம்பி தங்கச்சிக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு வந்த பிள்ளையாக இருக்கலாம். ஏசுவதற்கு முன் வீட்டு நிலைமையை விசாரிப்போம்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. தெருவில் நான்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு கொடுக்கலாம். ஒரு கிளினிக் நாளுக்கு நாம் கூடப் போகலாம். பள்ளிவாசலில் சேர்க்கிற காசில் கூடப் போகிறவரின் பஸ் செலவையும் தங்குமிடத்தையும் கணக்கெடுக்கலாம். விசாரிக்கப் போனால் பத்து நிமிசத்தில் எழும்பலாம். "இன்னாருக்கும் இதே வருத்தம்தான், மௌத்தாகிட்டார்" என்ற கதையை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுப் போகலாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் பார்க்கிறவருக்கும் டாக்டர் வேண்டும். வாழ்ந்தது போதும் என்ற பேச்சு வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். அதற்குப் பைத்தியம் என்று பெயர் வைக்கிற பழக்கத்தை நாமே நிறுத்துவோம்.

நம் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் இன்றைக்கு அஸருக்குப் பிறகு போவோம். "ரெண்டு மணித்தியாலம் நாங்க இருக்கோம், நீங்க போய்த் தூங்குங்க" என்று சொல்வோம்.