தேர்வும் அன்றைக்கே, ஆட்டமும் அன்றைக்கே

காலை நிகழ்ச்சியில் ஏழு மணிச் செய்தி முடிந்ததும் நேயர்களின் அழைப்புகளை எடுப்போம். பிறந்தநாள் வாழ்த்து, நெடுஞ்சாலை நெரிசல், விருப்பப் பாடல் என்று வழக்கமான விஷயங்கள்தான் வரும். போன வாரம் ஒரு தாயார் அழைத்தார். “சிலிம் ரிவர்ல இருந்து பேசுறேன்” என்றதுமே எனக்கு உற்சாகம். நானும் அந்த ஊர்க்காரன்தானே!

“பாட்டு வேணாம் தம்பி. ஒரு கேள்வி கேக்கணும்” என்றார்.

மகள் படிவம் 5 படிக்கிறாள். பூப்பந்தில் கெட்டிக்காரி. எஸ்.பி.எம். முடிந்ததும் முழுநேரமாக ஆட்டத்தில் இறங்கிவிட வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். மட்டையை மூலையில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகட்டும் என்கிறார் அப்பா. “நடுவுல நான் யார் பக்கம் நிக்கிறது தம்பி?”

வானொலியில் ஒரு நேயருக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்கூட இல்லை. “பிள்ளையோட மனசைக் கேளுங்கம்மா” என்று எதையோ சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டுவிட்டேன். பாட்டு பாதி ஓடுவதற்குள் உறுத்த ஆரம்பித்துவிட்டது. அந்த அம்மா கேட்டது ஒன்று, நான் சொன்னது வேறொன்று. அவருக்குத் தர வேண்டிய பதிலை இந்த வாரம் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முதலில் என் பெரியப்பா மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் ஈப்போவில் ஒரு கல்லூரியில் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தார். காற்பந்தில் இடது புற ஆட்டக்காரர். பெரியப்பா தோட்டத்தில் செம்பனை லோரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரி ஆட்டம் இருந்தால், பழைய புரோட்டோன் சாகாவில் எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெரியம்மா கட்டிக் கொடுத்த நாசி லெமாக் பொட்டலங்கள் என் மடியில் சுடும். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தத் திடலின் ஓரத்தில் உட்கார்ந்துதான் நான் முதன்முதலாக வர்ணனை சொல்லிப் பழகினேன். காலி மைலோ டின்தான் ஒலிவாங்கி.

ஒரு இறுதியாட்டம் அப்படியே கண்ணில் நிற்கிறது. மழை விட்டிருந்தது. திடலில் தண்ணீர் தேங்கிப் பந்து நின்று நின்று உருண்டது. அண்ணன் அதைத் தரையில் விடாமல், தண்ணீருக்கு மேலேயே தட்டித் தட்டிக்கொண்டு போய் இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்களைத் தாண்டினார். கோல். ஆட்டம் முடிந்ததும் தொப்பி போட்ட ஒருவர் வந்து பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. ஒரு தொழில்முறைக் குழுவின் இளையோர் அணித் தேர்வு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு.

அதே திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத்தான் அண்ணனுக்குக் கடைசிப் பருவத் தேர்வும்.

தேர்வை வேறு நாளில் எழுத முடியுமா என்று கல்லூரியில் கேட்டார். முடியாது, அடுத்த பருவத்தில்தான் என்றார்கள். அடுத்த பருவம் என்றால் இன்னும் ஆறு மாதக் கட்டணம், கூடவே பி.டி.பி.டி.என். கடன். அணித் தேர்வை ஒரு நாள் தள்ளி வைக்க முடியுமா என்று குழுவிலும் கேட்டார். அங்கேயும் முடியாது. பெரியப்பா திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. “காலு ஒடிஞ்சா காகிதம் காப்பாத்தும். காகிதம் போச்சுன்னா காலு எத்தனை நாளைக்குக் காப்பாத்தும்?” என்று மட்டும் கேட்டார். அண்ணன் தேர்வு எழுதப் போனார்.

அவருடைய அறைத் தோழரும் அதே அணிக்காரர்தான். அவருக்கும் கடிதம் வந்திருந்தது. அவர் தேர்வை விட்டுவிட்டுத் திடலுக்குப் போனார். அணியிலும் எடுத்துக்கொண்டார்கள். அவரை ஒரு முறை தொலைக்காட்சியில் பார்த்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். அண்ணன் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான்காவது ஆண்டில் அந்தக் குழு மாதக்கணக்கில் சம்பளம் தரவில்லை. முட்டியிலும் அடிபட்டது. ஒப்பந்தம் முடிந்தபோது அவர் கையில் டிப்ளோமாவும் இல்லை. இப்போது கோலாலம்பூரில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

அண்ணன் தஞ்சோங் மாலிமில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். சொந்த வீடு உண்டு. தங்கையைப் பட்டதாரி ஆக்கியவரும் அவர்தான். ‘வருத்தமாக இருக்கிறதா’ என்று ஒரு தீபாவளி அன்று கேட்டேன். “வருத்தமெல்லாம் இல்லடா. அந்தத் திங்கக்கிழமை பேப்பர்ல வந்த முதல் கேள்வி இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கு. மத்த எந்தப் பேப்பரும் ஞாபகம் இல்ல” என்றார்.

இருவரில் யார் செய்தது சரி? பல ஆண்டுகளாக இதை யோசித்திருக்கிறேன். 2018-க்குப் பிறகுதான், கேள்வியையே தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 26. ஜகார்த்தா ஆசியப் போட்டியின் மகளிர் சுவர்ப்பந்து இறுதியாட்டம். இரு பக்கமும் மலேசியர்கள். ஒரு பக்கம் எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோல் டேவிட். அன்று அவருக்கு 35-வது பிறந்தநாள். மறுபக்கம் சுங்கை பட்டாணியிலிருந்து வந்த 19 வயது சிவசங்கரி சுப்ரமணியம். நிலையத்தில் வேலையிலிருந்த நாங்கள் நான்கு பேரும் ஒரு சின்னத் திரையைச் சுற்றி நின்று பார்த்தோம். ஐந்து செட் வரை போராடி நிக்கோல் வென்றார். எங்கள் கண் முழுக்கத் தோற்றவர் மேல்தான் இருந்தது. இனி இந்தப் பெண் முழுநேர ஆட்டக்காரிதான் என்று பேசிக்கொண்டோம்.

அவரோ அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். ‘நல்ல ஆட்டக்காரி, அவ்வளவுதான் போச்சு’ என்று அன்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஒப்புக்கொள்கிறேன்.

அங்கே கல்லூரிச் சுவர்ப்பந்து எப்படி நடக்கிறது என்பதைப் பிறகுதான் தேடிப் பார்த்தேன். ஓர் அணிக்கு ஒன்பது பேர். முதல் ஆட்டக்காரரின் வெற்றிக்கும் ஒரு புள்ளி, ஒன்பதாவது ஆட்டக்காரரின் வெற்றிக்கும் ஒரு புள்ளி. தனியாளாக ஆடிப் பழகியவர்கள் அங்கே அணியாக ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். கார்னெல் இருக்கும் ஐவி லீக் கூட்டமைப்பில் விளையாட்டுக்கென்று தனி உபகாரச் சம்பளமே கிடையாது. படிப்புத் தகுதியும் இருந்தால்தான் உள்ளே இடம். போட்டிப் பருவம், தேர்வுக் காலம் என்று ஆண்டு முழுவதுக்கும் ஓர் அட்டவணை இருக்கிறது. ஆட்டத்துக்குப் போகிற மாணவி பாடத்தை எப்போது ஈடுகட்டுவாள் என்று யோசித்து வைக்க ஆள் இருக்கிறது.

அந்த வழியில் வந்தவர்கள் வேறு பலரும் உண்டு. எகிப்தின் அலி ஃபராக் ஹார்வர்டில் இயந்திரப் பொறியியல் படித்து 2014-ல் பட்டம் வாங்கினார். அதன் பிறகுதான் முழுநேரத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார், உலகப் பட்டத்தை நான்கு முறை வென்றார். கல்லூரியில் கழித்த ஆண்டுகள் அவருக்கு நஷ்டக் கணக்கில் சேரவில்லை.

சிவசங்கரிக்கு 2022 ஜூனில் சாலை விபத்து. கடுமையான காயம். அந்த ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிக்கு அவரால் போக முடியவில்லை. செய்தியை நிலையத்தில் வாசிக்க வேண்டியவன் நான். குரல் கொஞ்சம் தடுமாறியது. மறு ஆண்டே ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024-ல் இலண்டன் கிளாசிக் இறுதியாட்டத்தில் எகிப்தின் ஹானியா எல் ஹம்மாமியைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார்.

எழுந்து வந்தது அவருடைய துணிச்சல். அதில் யாருக்கும் பங்கில்லை. ஆனால் விபத்து நடந்த அன்று, ‘இனி ஆட முடியாமல் போனால்?’ என்ற கேள்வி ஒவ்வொரு விளையாட்டாளர் வீட்டிலும் எழும். ஆட்டம் ஒன்றை மட்டும் நம்பிய வீட்டில் அந்தக் கேள்வி கூரையையே பிய்த்துவிடும். அண்ணனின் அறைத் தோழருடைய வீட்டில் அதுதான் நடந்தது.

அமெரிக்கா போனால்தான் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பீர்கள். நம் பேராக்கிலேயே பாருங்கள். கோலகங்சாரில் பிறந்த எம். ஜெகதீசன் 16 வயதில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஓடினார். சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டே 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம். 1968 மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடிய அவரது தேசியச் சாதனையை முறியடிக்க 49 ஆண்டுகள் ஆயின. அந்தக் காலத்தில் காசு வாங்கி ஓடுகிறவர்களை ஒலிம்பிக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆகவே அவருக்கு ஓட்டம் ஓட்டம்தான், தொழில் மருத்துவம்தான். இரண்டிலும் உச்சிக்குப் போனார்.

நம் நாளில் ஈப்போ பெண் ஷெரின் சாம்சன் வல்லபோய். அமெரிக்காவின் வினோனா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக ஓடியவர், 2023 புனோம் பென் சீ போட்டியில் 400 மீட்டர் தங்கத்தைக் கொண்டுவந்தார்.

ஆக, அம்மா, யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். பயிற்சியாளர் பக்கமும் வேண்டாம், வீட்டுக்காரர் பக்கமும் வேண்டாம். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: தேர்வும் போட்டியும் ஒரே நாளில் வந்தால் கல்லூரி என்ன செய்யும்? சேர்வதற்கு முன்பே கேளுங்கள். முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். மேலாளரிடம் பேசுவதோடு நிறுத்திவிடாமல், அங்கே படித்துக்கொண்டே ஆடுகிற ஒரு மாணவரிடமும் விசாரியுங்கள்.

இரண்டு: குழுவோ சங்கமோ ஒப்பந்தம் நீட்டினால், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, சம்பளம் வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கையெழுத்துப் போடும் முன், விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்று: மகளின் விளையாட்டுச் சான்றிதழ்கள் எல்லாம் பத்திரமாக ஒரே கோப்பில் இருக்கின்றனவா? அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. நம் வீடுகளில் அந்தப் பத்தைத்தான் அலமாரிக்கு மேல் தூசி படிய விட்டுவிடுகிறோம்.

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தாலும் பிள்ளை உலக வெற்றியாளர் ஆகிவிடுவாள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆட்டத்தில் இறங்குகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் பாதியில்தான் நிற்பார்கள். ஆனால் நிற்கிற இடத்தில் அவர்களுக்கு உட்கார ஒரு நாற்காலியாவது இருக்கும்.

போன சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் மகனுக்கு ஒன்பது வயது. அவனும் இடது காலன். மாலையில் திடலோரம் அண்ணனோடு நின்று அவன் ஆடுவதைப் பார்த்தேன். சனிக்கிழமை மாலை பள்ளியில் கூடுதல் வகுப்பு இருக்குமே என்று கேட்டேன்.

“இருந்துச்சு. பயிற்சியும் இதே நேரந்தான். ரெண்டு வாரம் முன்னால டீச்சரைப் போய்ப் பார்த்தேன். காலையில வச்சுக்கலாமான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“மத்த பெற்றோரையும் கேட்டுட்டு மாத்திட்டாங்க.”

அதற்குள் பையன் பந்தோடு எங்கள் பக்கமாக ஓடி வந்தான். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிகிற வரை வேறு எதுவும் பேசவில்லை.