வெண்மலர் ஆர்க்கிட்: காட்டுச் செடியா, குடுவை நாற்றா?

மலைப்பிரதேசங்களில் காப்பியும் மிளகும் பயிரிடும் நிலச்சொந்தக்காரர்களுக்கு மலர்ச்செடி வளர்ப்பு ஓர் உபதொழிலாகக்கூடும். ஆர்க்கிட் என வழங்கும் செடியினங்களுள் வெண்ணிற மலருடையவற்றிற்கு, அவற்றுள்ளும் அபூர்வமானவற்றிற்கு, நல்ல கிராக்கி உண்டு. இச்செடிகளைப் பெறுவதற்கு இரு வழிகள் சொல்லப்படுகின்றன. காட்டு மரங்களினின்று பெயர்த்து விற்பது ஒன்று. விதையிலிருந்து உண்டான நாற்றுகளை வாங்கி வளர்ப்பது மற்றொன்று. முன்னது எளிதுபோலத் தோன்றினும் நஷ்டத்திற்கே வழியாகும். பின்னதே குடியானவர்க்கும் காட்டிற்கும் நன்மை பயப்பது.

நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளில் சீலோஜினி முதலிய வெண்மலர் இனங்கள் இயற்கையாக உள்ளன. மரக்கிளையில் ஒட்டி வளரும் அத்தகைய செடி பூக்கும் பருவத்தை அடையப் பல ஆண்டுகள் செல்லும். ஒரு நாள் கூலிக்காக அதைப் பெயர்ப்பவன் பல ஆண்டுகளின் வளர்ச்சியையும், அச்செடியால் உண்டாகக்கூடிய சந்ததியையும் ஒருங்கே அழித்துவிடுகிறான். வாங்கியவருக்கும் பயனில்லை, குளிர்ந்த சோலையில் வளர்ந்த செடி சமவெளியின் வெப்பத்தில் பெரும்பாலும் மடிகிறது. குவாத்தமாலா நாடு 1934-ஆம் ஆண்டில் தன் தேசிய மலராக ஏற்ற லைகாஸ்டியின் வெண்ணிற வகை, மிதமிஞ்சிச் சேகரிக்கப்பட்டதனால் அந்நாட்டுக் காடுகளிலேயே காண்பதற்கு அரிதாயிற்று. நம் மலைகளிலும் அந்நிலை நேரலாகாது.

விதையிலிருந்து நாற்று உண்டாக்குவதில் முற்காலத்தில் பெருந்தடை இருந்தது. ஆர்க்கிட் விதை தூசி போன்றது. ஓர் ஆங்கில நாட்டுச் செடியின் ஒரே காயில் சுமார் 6,200 விதைகள் இருப்பதாக டார்வின் 1862-இல் கணக்கிட்டார். இவ்வளவு விதையிருந்தும் செடிகள் பெருகாமைக்குக் காரணம், நெல்லிலும் பயறிலும் இருப்பதுபோல் முளைக்கு வேண்டிய உணவு அவ்விதையில் சேமித்து வைக்கப்படாமையே. ஒருவகைப் பூஞ்சணத்தின் துணையினால்தான் இவ்விதை இயற்கையில் முளைக்கிறது என்பதை பிரெஞ்சு அறிஞர் நோயல் பெர்னார் 1899-இல் கண்டறிந்தார். பூஞ்சணமின்றியே, சர்க்கரையும் உப்புச்சத்துக்களும் சேர்ந்த கடற்பாசிக் கூழின்மேல், கிருமியற்ற கண்ணாடிக் குடுவையில் விதையை முளைப்பிக்கலாம் என்று அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன் 1922-இல் வெளியிட்டார். அன்று முதல் அபூர்வச் செடிகளையும் ஆயிரக்கணக்கில் பெருக்குவது சாத்தியமாயிற்று.

விதைப்பு வேலை ஆய்வுக்கூடத்திற்கு உரியது. குடியானவர் அதில் இறங்க வேண்டுவதில்லை. குடுவை நாற்றை வாங்கி, அதன்பின் வளர்ப்பதே அவர் பங்கு. வேரில் ஒட்டிய கூழை நல்ல நீரில் முற்றிலும் கழுவிவிடல் வேண்டும். மிஞ்சினால் பூஞ்சணம் பற்றி நாற்று அழுகும். முதலில் பல நாற்றுகளை ஒரே தொட்டியில், பாசியிலோ, சிறு கரித்துண்டும் நன்றாக ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டைத் துண்டும் கலந்த கலவையிலோ நடலாம். அடர்ந்த நிழலும் காற்றில் ஈரமும் அவசியம். வெளிச்சத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டுதல் வேண்டும். மழைநீர் மிகச் சிறந்தது, உப்புநீர் ஆகாது. உரத்தை மிகவும் நீர்க்கக் கரைத்தே தெளித்தல் வேண்டும். இளந்தளிரையும் வேர்நுனியையும் தின்னும் நத்தைகளை இரவில் தேடிப் பொறுக்குதல் நலம்.

நாற்று வாங்குமுன் தாய்தந்தைச் செடிகளின் விவரத்தை எழுத்தில் பெறுதல் இன்றியமையாதது. பெலனாப்சிஸ் அமாபிலிஸ் போல இயற்கையிலேயே வெண்மலருடைய இனத்தைத் தன்னினத்தோடு சேர்த்தால் சந்ததியும் வெண்மலரே பூக்கும். ஆனால் வண்ணமலர் இனமொன்றில் எப்பொழுதேனும் தோன்றும் வெண்ணிற வகையின் செய்தி வேறு. அதை வண்ணச் செடியுடன் சேர்த்தால் முதல் தலைமுறையில் வெண்மை மறைந்துவிடும். வெள்ளையுடன் வெள்ளையைச் சேர்த்தும் சில வேளை ஊதா மலர் வருவதுண்டு. வண்ணம் உண்டாவதற்குப் பல காரணிகள் கூட வேண்டும். ஒரு பெற்றோரில் ஒன்றும் மற்றதில் வேறொன்றும் குறைந்திருந்தால், பிள்ளையில் இரண்டும் நிரம்பி வண்ணம் திரும்புகிறது. விரையொன்று போடச் சுரையொன்று முளைக்குமா என்பார்கள். இங்கோ முளைத்ததுபோலவே தோன்றும். அந்த ஏமாற்றம் தெரியவருவதும் ஐந்தாறு ஆண்டுகள் நீர் வார்த்த பின்னரே. ஆகையால் பெயர்ச்சீட்டில்லாத மலிவான நாற்றைவிட, பெற்றோர் தெரிந்த நாற்றுக்கு அதிக விலை கொடுப்பது நஷ்டமாகாது.

இதில் உடனடி ஆதாயம் இல்லையே என ஆட்சேபிப்போர் உளர். அது மெய்யே. குடுவையினின்று எடுத்த பெலனாப்சிஸ் பூக்க இரண்டு மூன்று ஆண்டுகளாகும்; காட்லியா விதைத்த நாள்முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் கொள்ளும். கடன் வாங்கி இதில் இறங்குதல் தகாது. ஆனால் மிளகுக்கொடி காய்க்கும்வரை காத்திருக்கும் பழக்கம் மலைக் குடியானவர்க்குப் புதிதன்று. காப்பித் தோட்டத்து நிழலின் ஓரத்தில் சிறு பந்தலிட்டு, ஓரிரு குடுவைகளுடன் தொடங்கி, அவை பூத்தபின் விரிவாக்குவதே விவேகம். அவ்வவ்விடத்தின் உயரத்திற்கும் குளிருக்கும் ஏற்ற இனத்தையே தெரிந்தெடுத்தல் வேண்டும். பெலனாப்சிஸ் வெப்பத்தை விரும்புவது, லைகாஸ்டி குளிர்ச்சியை நாடுவது. ஏற்காட்டிலுள்ள இந்தியத் தாவர ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்த்துவருதல் புதிதாகத் தொடங்குவோர்க்குப் பயன்படும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் கடமை உண்டு. ஒதுக்குக் காடுகளினின்று செடிகளை எடுத்தல் 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி குற்றமாகும். அருகிவரும் உயிரினங்களின் வாணிபம் பற்றிய 1973-ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையும் ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. அதுவே, மிகப் பெரும்பாலான இனங்களின் கிருமியற்ற குடுவை நாற்றுகளுக்கு விலக்கும் அளிக்கிறது. சந்தைக்கு வரும் செடியின் வேரில் மரப்பட்டை ஒட்டியிருந்தால், அது நாற்றங்காலில் வளர்ந்ததன்று என ஐயுறக் காரணமுண்டு. அத்தகைய செடி வந்த வழியை விசாரிப்பதும், நாற்று வளர்ப்போருக்கு ஊக்கமளிப்பதும் அவர்கள் செய்யத்தக்கவை. நாற்றுகள் பெருகி விலை இறங்குமாயின், காட்டுச் செடியைப் பெயர்ப்பதில் எவருக்கும் ஆதாயம் இராது. சோலைக்காட்டு வெண்மலர்களுக்கு அதைவிட உறுதியான காவல் வேறில்லை.