ஆவி பறக்க ஒரு சிரிப்பு



முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம். "போனைக் கீழே வை" என்று சொல்லிச் சொல்லியே பெரியவர்களுக்குத் தொண்டை வற்றிவிடுகிறது. போனைப் பிடுங்கிவிடலாம், சரி. பிடுங்கிய கையில் வேறு என்ன கொடுப்பது? அதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா?

இந்த மாதம் என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஸ்டீம்பங்க். பெயரைக் கேட்டதும் தலைமுடியைக் குத்திட்டு நிறுத்திக்கொண்டு கிடார் அடிக்கும் கோஷ்டி என்று நினைத்துவிடாதீர்கள். இது ஒரு கதை வகை. அதிலும் சாகசத்தோடு சிரிப்பும் சேர்ந்த கதைகளைத்தான் இன்று உங்களுக்குச் சிபாரிசு செய்யப்போகிறேன்.

விஷயம் எளிது. பெட்ரோல் காரும் சிலிக்கான் சிப்பும் வராமல், நீராவி இன்ஜினை வைத்துக்கொண்டே உலகம் முன்னேறியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? வானத்தில் கரிப்புகை கக்கிக்கொண்டு போகும் கப்பல், பல்சக்கரங்களால் ஆன கம்ப்யூட்டர், சாவி கொடுத்தால் வேலை செய்யும் இரும்பு வேலைக்காரன். பெரும்பாலும் விக்டோரியா மகாராணி காலத்து லண்டன்தான் களம். கோட்டு, தொப்பி, குடை, அதிகப்படியான மரியாதை எல்லாம் உண்டு.

பிள்ளைகளுக்கு முதலில் எதைக் கொடுக்கலாம் என்றால், ஃபிலிப் ரீவ் எழுதிய 'லார்க்லைட்' என்பேன். 2006-ல் வந்த நாவல். கதை நடப்பது 1851-ல். ஐசக் நியூட்டன் விண்வெளிப் பயணத்துக்கும் வழி கண்டுபிடித்துவிட்டார் என்பது கதையின் கற்பனை. அதனால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் விண்வெளியிலும் கிளை பரப்பியிருக்கிறது. ஆர்ட் என்ற பையனும் அவன் அக்கா மிர்ட்டிலும் விண்வெளியில் மிதக்கும் ஒரு பழைய வீட்டில் அப்பாவோடு வாழ்கிறார்கள்.

அந்த வீட்டில் ஈர்ப்பு விசை தரும் மெஷின் அவ்வளவு சரியில்லை. சாப்பிடும்போது சிந்தும் துணுக்குகள் தரையில் விழாமல் காற்றில் மிதக்கும். அவற்றைப் பொறுக்கித் தின்பதற்கென்றே குட்டிக் குட்டிப் பறக்கும் பன்றிகளை வளர்க்கிறார்கள்! துடைப்பம் எடுக்கச் சொன்னால் முகம் சுளிக்கும் எந்தப் பிள்ளைக்குத்தான் இந்த ஏற்பாடு பிடிக்காது? ஒரு நாள் வெப்ஸ்டர் என்று ஒரு கனவான் பார்க்க வருவதாகக் கடிதம் வருகிறது. வீட்டைத் துப்புரவாக்கிக் காத்திருக்கிறார்கள். வந்து நிற்பதோ ராட்சதச் சிலந்தி. அதன் பிறகு கதைக்கு மூச்சுவிட நேரமில்லை.

பெரியவர்களுக்கு? கெயில் கேரிகரின் 'சோல்லெஸ்', 2009. நாயகி அலெக்ஸியா விருந்துக்குப் போகிறாள். அங்கே சாப்பாடு சரியில்லை. பசி தாங்காமல் நூலக அறைக்கு நழுவி டீ கொண்டுவரச் சொல்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு ரத்தக்காட்டேரி பாய்கிறது. அலெக்ஸியாவுக்குக் கோபம் எதில் தெரியுமா? உயிருக்கு ஆபத்து வந்ததில் இல்லை. முறைப்படி அறிமுகம்கூடச் செய்துகொள்ளாமல் கடிக்க வந்துவிட்டதே, என்ன வளர்ப்பு இது என்றுதான்! சண்டையில் பாகு டார்ட் என்ற இனிப்புப் பலகாரம் வேறு நசுங்கிப் பாழாகிறது. அந்தத் துக்கம் தனி.

இந்தக் கதைகளின் நகைச்சுவைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கூரையே இடிந்து விழுந்தாலும் மாமியார் வீட்டு மரியாதையில் குறை வைக்கக் கூடாது என்று நினைக்கும் மனிதர்கள் நம் சொந்தத்திலும் உண்டுதானே? ஊர் வேறு, உடை வேறு. பவிசு ஒன்றுதான்.

"எல்லாம் புளுகு. இதைப் படித்து என்ன லாபம்?" என்று வீட்டில் ஒருவர் கேட்பார். அவருக்குச் சொல்ல இரண்டு நிஜக் கதைகள் வைத்திருக்கிறேன்.

1852 செப்டம்பர் 24-ம் தேதி, ஆன்ரி ஜிஃபார் என்ற பிரெஞ்சு இன்ஜினீயர் பாரிஸிலிருந்து நிஜமாகவே நீராவியால் ஓடும் ஆகாயக்கப்பலில் பறந்தார். மேலே தீப்பற்றக்கூடிய வாயு நிரப்பிய பெரிய பை. கீழே நெருப்பு எரியும் பாய்லர். பொறி மேலே போய்விடக் கூடாது என்பதற்காகப் புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பி வைத்திருந்தார். இன்ஜின் வெறும் 3 குதிரைத்திறன். சுமார் 27 கிலோமீட்டர் பறந்தார். எதிர்க்காற்றில் திரும்பி வரத்தான் இன்ஜினுக்குத் தெம்பு இல்லை. இதைக் கதையாக எழுதியிருந்தால் 'ஓவர்' என்றுதானே சொல்லியிருப்போம்?

அடுத்தவர் சார்லஸ் பாபேஜ். கணக்குப் போடும் மெஷினை லண்டனில் வடிவமைத்தவர். அரசாங்கம் அவருக்காக 17,000 பவுண்டுக்கு மேல் செலவழித்தும் மெஷின் முழுமையாகவில்லை. அரசு கைவிட்டது. அதன் பிறகு அவர் வரைந்த இரண்டாவது மாடலை, அவருடைய 200-வது பிறந்த ஆண்டான 1991-ல் லண்டன் சயின்ஸ் மியூசியம் செய்து பார்த்தது. ஓடியது! அச்சடிக்கும் பகுதியையும் சேர்த்து 2002-ல் முடித்தபோது 8,000 பாகங்கள், 5 டன் எடை. ஆக, பல்சக்கரக் கம்ப்யூட்டர் கதாசிரியர்களின் வெறும் கற்பனை அல்ல.

அந்த மேதைக்கு வாழ்நாள் எதிரி யார் தெரியுமா? தெருவில் வாத்தியம் வாசிப்பவர்கள். சத்தத்தில் வேலை ஓடவில்லை என்று புகார் மேல் புகார் கொடுத்தார். அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? காசு கொடுத்து அவர் ஜன்னலுக்குக் கீழேயே வாசிக்க வைத்தார்கள். இதை அவரே தன் நினைவுக் குறிப்புகளில் புலம்பியிருக்கிறார்.

பாபேஜ் திட்டமிட்ட இன்னொரு மெஷினைப் பற்றி 1843-லேயே விரிவான குறிப்புகள் எழுதியவர் அடா லவ்லேஸ். 36 வயதில் இறந்துவிட்டார். இந்த இருவரையும் வைத்து சிட்னி பாதுவா 2015-ல் ஒரு சித்திரநாவல் கொண்டுவந்தார். அதில் அடா சாகவில்லை, மெஷினும் முடிந்துவிடுகிறது. இருவரும் சேர்ந்து சாகசத்தில் இறங்குகிறார்கள். பக்கத்தின் மேல்பாதியில் கூத்து, கீழே அடிக்குறிப்பில் உண்மை வரலாறு. கூத்துக்காகப் பக்கத்தைத் திருப்பும் பிள்ளை, கேட்காமலே வரலாற்றையும் படித்துவிடும். கோச்சிங் கிளாஸில் இது நடக்குமா?

இந்த வகை உருவான விதத்திலும் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கலிஃபோர்னியாவில் கே.டபிள்யூ. ஜீட்டர், டிம் பவர்ஸ், ஜேம்ஸ் பிளேலாக் என்று மூன்று நண்பர்கள். மூவரும் பழைய லண்டனை வைத்து விசித்திரக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிளேலாக்கின் 'ஹோமன்குலஸ்' நாவலில், எலும்புக்கூடாகிவிட்ட பைலட்டோடு ஓர் ஆகாயக்கப்பல் வருஷக்கணக்கில் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட கதைகளுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று 1987-ல் 'லோகஸ்' பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் ஜீட்டர் பாதி விளையாட்டாக வைத்த பெயர்தான் ஸ்டீம்பங்க். ஆசிரியருக்கு ஒரு வாசகர் கடிதம் என்ன செய்யும் என்று இனி யாரும் கேட்காதீர்கள்!

அதற்கும் முன்னால், கல்லூரி நாட்களில், பவர்ஸும் பிளேலாக்கும் சேர்ந்து வில்லியம் ஆஷ்பிளெஸ் என்று இல்லாத ஒரு கவிஞரை உருவாக்கினார்கள். கல்லூரிப் பத்திரிகையில் வந்த கவிதைகள் சகிக்கவில்லை என்பதால், அர்த்தமே இல்லாத கவிதைகளை அவர் பெயரில் எழுதிக் குறும்பு செய்தார்கள். அந்தப் பொய்க் கவிஞர் பின்னால் இருவருடைய நாவல்களிலும் பாத்திரமாகவே வந்துவிட்டார். ஆக, நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்து வளர்த்த சங்கதி இது. அதைத் தனியாக மூலையில் உட்கார்ந்து படித்தால் பாதிதான் கிடைக்கும்.

இப்படிச் சேர்ந்து வளர்ப்பதற்கு இன்னோர் உதாரணம் 'கேர்ள் ஜீனியஸ்' காமிக்ஸ். அதைப் படைப்பவர்கள் ஃபில் ஃபோக்லியோ, காயா ஃபோக்லியோ என்ற கணவன் மனைவி. பைத்தியக்கார விஞ்ஞானிகள் ஐரோப்பாவை ஆண்டால் என்ன ஆகும் என்பது கதை. 2009 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது வாங்கினார்கள். அடுத்த ஆண்டு எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு கதையை இத்தனை வருஷம் இழுத்துக்கொண்டு போவதே பெரிய சாகசம் இல்லையா?

இனி, ஒரு விஷயத்தை உங்களிடம் மறைக்காமல் பேச வேண்டும். விக்டோரியா காலத்துப் பகட்டைப் படிக்கும்போது நமக்குள் ஒரு முள் குத்தும். குத்தத்தான் வேண்டும். அந்தப் பகட்டுக்குக் காசு எங்கிருந்து போனது என்று நமக்குத் தெரியாதா?

ஸ்டீம்பங்குக்குப் பாட்டனார் முறையான ஜூல்ஸ் வெர்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 1880-ல் வந்த அவருடைய 'நீராவி வீடு' நாவல் நடப்பது இந்தியாவில். துதிக்கையால் புகைவிடும் இரும்பு யானை ஒன்று, சக்கரம் வைத்த இரண்டு வீடுகளை இழுத்துக்கொண்டு கல்கத்தாவிலிருந்து கிளம்புகிறது. கற்பனை என்றால் அது கற்பனை! ஆனால் உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்கள் ஐரோப்பியர்கள். 1857 எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான நானா சாகிப் அதில் வில்லன்.

அதே வெர்ன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு 'மர்மத் தீவு' நாவலில், நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் கேப்டன் நெமோ யார் என்ற ரகசியத்தை உடைத்தார். அவர் ஒரு புந்தேல்கண்ட் இளவரசர், திப்புவின் உறவு, 1857-ல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடியவர். ஒரே எழுத்தாளர், இரண்டு பார்வை. பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டையும் கொடுத்து, "எது நியாயம்னு நினைக்கிறே?" என்று கேட்டுப் பாருங்கள். சாப்பாட்டு நேரம் போவதே தெரியாது.

அலெக்ஸியாவின் பாகு டார்ட்டையும் அப்படியே விட வேண்டாம். அந்த இனிப்புக்கு யார் கரும்பு வெட்டியிருப்பார்கள்? மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஊர்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர். இதைச் சொல்வதால் கதையின் சிரிப்பு குறையாது. நல்ல நகைச்சுவை ஸ்டீம்பங்க் அந்தத் துரைமார்களின் அலட்டலைத்தான் கிண்டல் செய்கிறது. நாமும் சேர்ந்தே சிரிக்கலாம், விவரம் தெரிந்து சிரிக்கலாம். இதே வகையை நம் பக்கத்திலிருந்து எழுதிப் பார்க்கும் முயற்சிகளும் உண்டு. தென்கிழக்கு ஆசியக் கதைகளைத் தொகுத்த 'தி ஸீ இஸ் அவர்ஸ்' 2015-ல் வந்தது.

சரி, இதெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே, எங்கள் வீட்டில் எப்படி என்கிறீர்களா? தமிழில் இந்த வகை குறைவுதான். அதனால் என்ன? நம் பாட்டிமார் படித்துவிட்டா கதை சொன்னார்கள்? கேட்டதைத் தங்கள் பாணியில் சொன்னார்கள். வீட்டில் ஆங்கிலம் சரளமாக வாசிக்கிறவர் ஒரு அத்தியாயம் படித்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தமிழில் சொல்லட்டும். அது பெரும்பாலும் பிள்ளையாகவே இருக்கும். இருக்கட்டுமே! தாத்தா பாட்டிக்குப் பேரன் கதை சொல்லும் வீடு எவ்வளவு அழகு! பறக்கும் பன்றிக்கும் இரும்பு யானைக்கும் அவர்களே பெயர் வைக்கட்டும்.

வெர்னின் நாவல்களும் அவற்றின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளும் காப்புரிமைக் காலம் கடந்தவை. இலவசமாகவே, நேர்மையாகவே படிக்கலாம். மற்ற புத்தகங்களை நூலகத்தில் கேளுங்கள். சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. ஒரு பிள்ளை கடையில் புத்தகம் வாங்கினால் அது அப்பார்ட்மென்ட் முழுக்கச் சுற்றட்டும். யாரிடம் போனது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தால் திரும்பி வரும். ஆனால் உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தைத் திருட்டு பிடிஎஃபாக வாட்ஸ்அப்பில் தள்ளிவிடுவதற்குப் பகிர்தல் என்று பெயர் இல்லை. எழுதினவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் வருவதெல்லாம் நன்றாக இருக்கும் என்று நான் கியாரண்டி தர மாட்டேன். அட்டையில் கண்ணாடியும் பல்சக்கரமும் ஒட்டி, உள்ளே ஒன்றுமே இல்லாத புத்தகங்களும் ஏராளம். இருபது பக்கத்துக்குள் ஒரு சிரிப்பாவது வரவில்லையா? தயங்காமல் மூடி வையுங்கள். அப்புறம் வயது பார்த்துக் கொடுங்கள். 'லார்க்லைட்' பத்து வயதுக்கு மேல் சரி. 'சோல்லெஸ்' பெரியவர்களுக்கு, அதில் காதல் கொஞ்சம் தாராளம்.

படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். எந்த இடத்தில் வீடே சிரித்தது, இரும்பு யானைக்கு உங்கள் பிள்ளைகள் என்ன பெயர் வைத்தார்கள் என்று எழுதுங்கள். நல்ல பெயர்களை அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. சிரிப்பு வரும் இடம் வந்தால் தனியாகச் சிரித்து முடித்துவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, "இங்க பாரேன், இதைக் கேளேன்" என்று வாசித்துக் காட்ட வேண்டும். அவர் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டால், நாம் ஜெயித்தோம்!

அன்புடன்,
ஆசிரியர்