கடைசித் தெருவுக்குப் போகாத தேர்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்குப் போய்வந்த எல்லோருக்கும் அந்த ராஜபிளவைக் கதை தெரியும். அரியலூர் மழவராயருக்குப் பிளவை வந்தது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. வீரமாமுனிவர் மாதாவை வேண்டிக்கொண்டு மண்ணைக் குழைத்துப் பூசினார், புண் ஆறியது. நன்றிக்கடனாக மன்னர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார். கொள்ளிடக் கரை ஊர்களில் இதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். குணமானவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதுதான் கதையின் உயிர். ஞானஸ்நானம் வாங்கினாயா, பூசைக்கு வந்தாயா என்று மாதா கேட்கவில்லை. அருள் என்றால் அப்படித்தான் வரும் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. நமக்கே சரியாகத் தெரியாது.

1704ஆம் ஆண்டு, திருத்தந்தையின் தூதராக வந்திருந்த மயார் தெ தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் பதினாறு கட்டளைகளை வெளியிட்டார். அவற்றில் ஒன்று, நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குக் குருக்கள் நேரில் போய் அருளடையாளங்களைக் கொடுக்க வேண்டும் என்பது. சாகக்கிடக்கிறவன் வீட்டுக்குச் சாமியார் போகவேண்டும் என்று ரோமாபுரியிலிருந்து ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. இயேசு சபையாரின் மதுரை மிஷனில் அன்றைய வழக்கம் அப்படி. குரு அந்த வீட்டுக்குள் போகமாட்டார், நோயாளியைத்தான் வெளியே தூக்கி வருவார்கள். அந்த வீட்டுக்குள் கால் வைத்த குருவை மற்ற சாதியார் தங்கள் வாசலில் ஏற்றமாட்டார்கள் என்பதுதான் காரணம்.

கட்டளை வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. விலக்குக் கேட்டு விண்ணப்பங்கள் போயின, விளக்கம் கேட்டுக் கடிதங்கள் போயின. நாற்பது ஆண்டுகள் இழுத்தது. வீரமாமுனிவர் 1710வாக்கில் இந்தியாவுக்கு வந்ததும், 1726இல் தேம்பாவணியைப் பாடி முடித்ததும் அந்த நாற்பது ஆண்டுகளுக்குள்தான். கடைசியில் 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் கட்டளையை உறுதிசெய்தார். அப்போது கிடைத்த வழி என்ன தெரியுமா? அந்த மக்களுக்கென்று தனியாகக் குருக்களை வைப்பது. ரோமுக்குக் கீழ்ப்படிந்துவிட்டோம் என்று சொல்லவும் முடிந்தது, மற்ற குருக்கள் அந்த வாசற்படியை மிதிக்காமல் இருக்கவும் முடிந்தது.

வெள்ளைக்காரப் பாதிரிமார் செய்த தவறு என்று இதைத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை. அவர்கள் பயந்தது நம் பாட்டன் முப்பாட்டனுக்கு. கீழ்ப்படிதலுக்கும் சாதிக்கும் நடுவே ஒரு சந்து கண்டுபிடித்து நழுவிய அந்தப் பழக்கத்தை நாம் சொத்தைப்போலப் பெற்றிருக்கிறோம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கத்தோலிக்கராகப் பிறந்து, ‘ஊர்த்தெரு’வில் வளர்ந்த நாம் இந்தத் தவக்காலத்தில் ஒப்புக்கொள்ள வேண்டியது இதுதான்.

அன்பியத்தை எடுத்துக்கொள்வோம். இருபது முப்பது குடும்பங்கள் வீடு வீடாகக் கூடி, இறைவார்த்தை வாசித்து, ஒருவர் கஷ்டத்தை இன்னொருவர் சுமக்க வேண்டும் என்று ஏற்படுத்தியது. தெருவாரியாகப் பிரித்தோம், அதுதான் சௌகரியம் என்றோம். நம் ஊர்களில் தெரு எப்படிப் பிரிந்திருக்கிறது என்று தெரியாதவர்களா நாம்? தெருவாரியாக என்றதும் சாதிவாரியாக ஆயிற்று. காலனி அன்பியம் காலனியிலேயே கூடுகிறது, நம் அன்பியம் நம் வீடுகளில் கூடுகிறது. ஒரே பங்கில், ஒரே பாதுகாவலர் படத்தின்முன் ஜெபமாலை சொல்லிக்கொண்டு, ஒருவர் வீட்டுத் தண்ணீரை மற்றவர் குடிக்காமலே வருஷங்கள் ஓடிவிட்டன. யாரும் யாரையும் தடுக்கவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவும் இல்லை.

ஆவணி பிறந்ததும் வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவர்கள் காவி உடுத்திச் சாலையெல்லாம் போவார்கள். அவர்களுக்காகப் பந்தல் போடுகிறோம். மோர், சுக்குக்காப்பி, சோறு, கால்வலிக்குத் தைலம் எல்லாம் கொடுக்கிறோம். எந்த ஊர், என்ன சாதி என்று கேட்பதில்லை. மனசாரத்தான் செய்கிறோம், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த அன்புக்கு நாம் கொடுக்கிற விலை ஒரு வாரச் சிரமம். காலையில் அவர் நடந்துபோய்விடுவார். நாளைக்கு நம் பிள்ளையைப் பெண் கேட்டு வரமாட்டார், பங்குப் பேரவையில் நாற்காலி கேட்கமாட்டார், நம் அப்பாவுக்குப் பக்கத்தில் கல்லறைக்குழி கேட்கமாட்டார். இவையெல்லாம் கேட்கக்கூடியவர் நம் ஊர்க் கடைசித் தெருவில் இருக்கிறார். அவருக்குப் பந்தல் போட நமக்கு மனம் வரவில்லை.

சாவு வீட்டில்தான் இது பளிச்சென்று தெரியும். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளில் அடிபட்டுச் செத்தவர்கள் எல்லாத் தெருக்களிலும் உண்டு. நம் தெருவில் சாவு என்றால் பங்கே திரளும், மாலை வரும், பாடகற்குழு வரும். காலனியில் என்றால் உபதேசியாரும் மரியாயின் சேனையில் இரண்டு பேரும் போய் ஜெபித்துவிட்டு வருவார்கள். ஞாயிறு மன்றாட்டில் இறந்தவரின் பெயரைச் சேர்த்துக்கொண்டோம், ஆன்மா சாந்தி அடையட்டும் என்றோம், வீட்டுக்கு வந்தோம். அந்த வீட்டுப் பெண் அடுத்த மாதம் எதைக் கொண்டு அடுப்பெரித்தாள் என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. 1704இல் குருவுக்குச் சொன்ன அதே கட்டளை இன்று நமக்கும் மிச்சம் இருக்கிறது: உள்ளே போ.

எல்லாப் பங்குகளும் ஒன்றுபோல என்று சொல்ல வரவில்லை. தூம்பா என்னும் ஒரே சவவண்டியில் எல்லோரையும் ஏற்றி, ஒரே கல்லறையில் வரிசை பார்க்காமல் அடக்குகிற ஊர்களும் இருக்கின்றன. அவர்களை நாம் வணங்க வேண்டும். அப்படி இல்லாத ஊர்களும் இருக்கின்றன, அதை மறைக்க வேண்டிய அவசியம் இனி இல்லை. பெரம்பலூருக்குப் பக்கத்தில், திருச்சி மாவட்டம் துறையூர் வட்டத்தில் உள்ள கோட்டப்பாளையம் நம் கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பங்கு. அடக்கம், திருவிழா, நிர்வாகம் எல்லாவற்றிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று அங்குள்ள தலித் கிறிஸ்தவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. அந்த வழக்கில் யார் சொல்வது சரி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஒரே அப்பத்தைப் பகிர்கிறவர்கள் ஒருவரையொருவர் சரிசெய்துகொள்ள டெல்லிவரை போகவேண்டியிருந்ததே, அதற்கு முன்னால் பக்கத்துப் பங்குக்காரர்களாகிய நாம் ஒருமுறையாவது போய் உட்கார்ந்து கேட்டோமா? பேப்பரில் செய்தி பார்த்தோம், திருச்சபைக்கு அவமானம் என்று சொல்லிக்கொண்டோம். அவமானப்பட்டவர்கள் அவர்கள், திருச்சபையும் அவர்கள்தான் என்பது நம் வாயில் வரவில்லை.

வருஷாவருஷம் ஆகஸ்டு 10ஆம் தேதி கறுப்புக்கொடி பிடிக்கிறோம். 1950இல் அதே தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமைகளை இந்துக்களுக்கு மட்டும் என்று வகுத்தது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவருக்கு இன்றும் இல்லை. அநியாயம்தான், போராட வேண்டியதுதான். ஆனால் மதம் மாறினாலும் சாதிக்கொடுமை போகவில்லை என்பதுதானே அந்தப் போராட்டத்தின் வாதம்? அதற்குச் சாட்சி நாம். நாம் நடத்துகிற விதமே சாட்சி. கோரிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே கை, கல்லறைத் திருநாளன்று கல்லறையைப் பிரிக்கும் சுவருக்கு இந்தப் பக்கம் மட்டும் மெழுகுவத்தி ஏற்றுகிறது.

மேலிடம் சொல்லவில்லை என்றும் தப்பிக்க முடியாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2003 நவம்பரில் தம்மைச் சந்திக்கப்போன தமிழக ஆயர்களிடம் சாதிப்பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களுக்கான கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது. ஞாயிறு அறிவிப்போடு அறிவிப்பாக இவை நம் காதுகளைக் கடந்து போயின. கீழ்ப்படிதலை நாம் ஒருசந்தியிலும் வெள்ளிக்கிழமைச் சைவத்திலும் அடக்கிவைத்திருக்கிறோம். அவற்றை ஒழுங்காகத்தான் செய்கிறோம். யாரிடமும் கெட்டபேர் வாங்கித்தராத கட்டளைகள் அவை.

அந்தியோக்கியாவில் பேதுரு செய்ததை நினைத்துப் பார்ப்போம். பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து தன் இனத்தார் சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகினார். விசுவாசம் குறைந்து அல்ல, தன் ஆட்கள் என்ன சொல்வார்களோ என்ற பயத்தால். பவுல் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். சமபந்தி விஷயம்தானே, பிறகு தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் விடவில்லை. பேதுரு விலகினது பந்தியிலிருந்து என்று நாம் நினைக்கிறோம்; பவுலுக்கு அது அருளிலிருந்தே விலகுவதாகப் பட்டது. சம்பாதிக்காமல் கிடைத்ததை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி வரிசையில் முன்னே நிற்க முடியும் என்பதுதான் அவர் கேள்வி. நம்மில் எந்தத் தெருக்காரன் அருளைச் சம்பாதித்தான்?

பெரிய வியாழன் வருகிறது. பன்னிரண்டு பேரின் பாதம் கழுவ நாம்தான் பட்டியல் கொடுப்போம். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களையும் அதில் சேர்க்கலாம் என்று வழி திறந்தார். இருந்தும் பல ஊர்களில் பட்டியல் பழைய குடும்பங்களையே சுற்றிவருகிறது. அதை மாற்றுவது ஒரு மாலைநேர வேலை. தேர்ப்பாதை அப்படி இல்லை. தேர் கடைசித் தெருவுக்குப் போகாததற்குத் தெரு குறுகல், கரண்ட் கம்பி தாழ்வு, நேரமாகிவிடும் என்று காரணங்களை நம் அப்பாக்கள் சொன்னார்கள், நாமும் சொல்கிறோம். தலைக்கட்டு வரியை எல்லா வீட்டிலும் வாங்கிக்கொண்டு சில வீடுகளின்முன் மட்டும் தேர் நிற்பது எப்படி நியாயம் என்று காலனிப் பையன்கள் கேட்டால், கலகம் பண்ணுகிறார்கள் என்கிறோம். பீடச்சிறுவனாக மணியடித்து வளர்ந்தவர்களில் சிலர் இன்று கோயில் வாசல் மிதிப்பதில்லை. அவர்கள் விசுவாசம் போய்விட்டது என்று வருத்தப்படுகிறோம்.

திருவிழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் தேர்ப்பாதையையும் கல்லறையையும் பேரவையில் வைத்துப் பேச வேண்டும். அதை எழுப்புகிற வேலையைக் காலனிக்காரர் தலையிலோ பங்குத்தந்தை தலையிலோ கட்டக்கூடாது. எதிர்ப்பு வரும். எழுந்து நின்று எதிர்க்கப்போகிறவர்கள் நம் சித்தப்பா, நம் மாமா, நம் மச்சான்தான். அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேச வேண்டியவர்களும் நாம்தான்.