மான் கடித்த செடி எது?



கோடை காலத்தில் வில்பத்து, யால பக்கம் போய் வருகிறவர்கள் புள்ளிமான் கூட்டங்களைப் பார்த்துவிட்டு, "புல்லெல்லாம் காய்ந்து கிடக்கிறதே, இவை எதைத் தின்று உயிர் வாழ்கின்றன?" என்று கேட்பதுண்டு. நாம் வெறும் பற்றை என்று ஒதுக்கிவிடும் செடிகள்தாம் அவற்றைக் காப்பாற்றுகின்றன. புள்ளிமானுக்குப் புல்லே முதல் உணவு. புல் காய்ந்தால் தளிர், காய், உதிர்ந்த பழம் என்று பற்றைக் காட்டை நாடிப் போகும். மரையோ எந்தக் காலத்திலும் இலைகுழையை விரும்பித் தின்னும்.

ஒரு செடியைக் கடித்தது மானா, முயலா என்று எப்படி அறிவது? கடிபட்ட நுனியைப் பாருங்கள். மாட்டைப் போலவே மானுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. அதனால் அது கிளையைப் பற்றி இழுத்துப் பிய்க்கும். நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்த நுனியோ கத்தியால் சாய்வாக வெட்டியது போலிருக்கும். ஆடு, மாடுகளும் மானைப் போலவே பிய்ப்பதால், அவை மேயும் இடங்களில் குளம்படியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி, மான் நாடும் மூன்று செடிகளைத் தெரிந்துகொள்வோம்.

முதலாவது இலந்தை. இலையின் அடியிலிருந்து மூன்று நரம்புகள் ஓடும். மேற்புறம் கரும்பச்சை, கீழ்ப்புறம் வெண்ணிறப் பஞ்சு ஒட்டியது போலிருக்கும். காம்படியில் பெரும்பாலும் இரண்டு முட்கள்: ஒன்று நேரானது, மற்றது கொக்கி போல் வளைந்தது. உதிர்ந்த பழத்தை மான் விழுங்கி, பிறகு அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். அப்படித் துப்பிய இடத்தில் புதுச்செடி முளைக்கும்.

இரண்டாவது விடத்தல். மன்னாரில் விடத்தல்தீவு என்ற ஊர்ப்பெயரில் நாம் கேட்கும் அதே மரம். புளிய இலையைவிடப் பொடியான இலைகள். பக்கக் கிளைகளின் நுனி முள்ளாக முடியும். பூங்கொத்தின் ஒரு பாதி இளஞ்சிவப்பு, தொங்கும் நுனிப்பாதி மஞ்சள். இப்படி இருநிறப் பூவை வைத்தே இதை இலகுவில் கண்டுகொள்ளலாம். காய்கள் சுருண்டு கொத்தாக இருக்கும். அவை சத்துள்ள தீனி.

மூன்றாவது ஆத்தி. இலை நடுவில் பிளந்து ஒட்டகக் குளம்பு போலிருக்கும். முள் கிடையாது. இதன் இளந்தளிரை மான் ஆசையோடு தின்னும்.

இவற்றோடு மான் பெரும்பாலும் தொடாத ஒன்றையும் அறிந்திருக்க வேண்டும். அதுதான் உண்ணிச்செடி, சிங்களத்தில் கந்தபான. சதுரத் தண்டு, சொரசொரப்பான இலை, கசக்கினால் கடும் வாடை, ஒரே கொத்தில் பல நிறப் பூக்கள். அழகுக்காக 1826 ஆம் ஆண்டு பேராதனைத் தோட்டத்தின் வழியாக இலங்கைக்கு வந்த இது, இன்று உடவளவையில் மேய்ச்சல் நிலத்தையே மூடிப் பரவியிருக்கிறது. இதைத் தின்னும் ஆடு மாடுகளுக்கு ஈரல் கெடும். இதன் பச்சைக் காயைப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறோம்? 1990 ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, 2009 இல் போர் முடிந்த பின் முசலிப் பக்கம் திரும்பிய குடும்பங்கள், தங்கள் காணிகள் காடாகிக் கிடக்கக் கண்டன. துப்புரவு செய்யாமல் குடியிருக்க முடியாது, அதில் குற்றமுமில்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக வெட்டித் தீயிட்டால், வெறுமையான நிலத்தில் முதலில் முந்திக்கொண்டு வருவது பெரும்பாலும் உண்ணிச்செடிதான். பிறகு அதை அழிப்பது பெரும்பாடு.

ஆகவே கத்தியை எடுக்குமுன் இலையைப் பாருங்கள். உண்ணிச்செடியைக் காய்க்குமுன் வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். காணியின் காட்டுப்பக்க எல்லையில் இலந்தை, விடத்தல், ஆத்தி ஒவ்வொன்றையாவது விட்டுவையுங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அருகில் மட்டும் வேண்டாம். மான் தளிரோடு உங்கள் பயிரையும் மேய்ந்துவிடும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளிடம் இந்த மூன்று இலைகளையும் தேடிக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீதியோரத்திலேயே கிடைக்கும். சரணாலயத்துக்குள் மட்டும் எதையும் பறிக்க வேண்டாம். அங்கே அவை மானின் பங்கு.