'கேஸ் போடுவேன்' என்று அரசியல்வாதி சொன்னால் டிவி சேனலுக்கு என்ன ஆகும்? ஸ்ரீரங்கம் முதல் பிபிசி வரை

திருச்சி விமான நிலைய வாசல். கட்சித் தலைவர் வெளியே வருகிறார். முகத்துக்கு நேரே பத்துப் பதினைந்து மைக். அதில் ஒரு சேனலின் மைக்கை மட்டும் பார்த்து, "நேத்து நீங்க போட்டது பச்சைப் பொய். மான நஷ்ட வழக்கு போடப் போறேன்" என்கிறார். இப்படி ஒரு காட்சியைச் செய்தி பார்ப்பவர்கள் ஒருமுறையாவது பார்த்திருப்பார்கள்.

அன்று மாலை அது பிரேக்கிங் நியூஸ். ஒரு மாதம் கழித்து? நிஜமாகவே வழக்கு போட்டாரா என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த ஒரு மாதத்தில் சேனல் ஆபீஸில் பல விஷயங்கள் நடந்திருக்கும். வக்கீலைப் பார்ப்பார்கள், யூடியூப் வீடியோவை எடுத்துவிடலாமா என்று பேசுவார்கள், அடுத்த பாகத்தைத் தள்ளிப்போடுவார்கள். வழக்கு வராமலேயே வழக்கின் வேலை பாதி முடிந்துவிடும்.

இந்த மிரட்டல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2025-ல் உலகமே பார்த்த உதாரணம் பிபிசி. 2021 ஜனவரி 6 அன்று டிரம்ப் பேசிய பேச்சில், 50 நிமிடத்துக்கும் மேல் இடைவெளி இருந்த இரண்டு பகுதிகளை ஒன்றாக ஒட்டி 'பனோரமா' நிகழ்ச்சியில் காட்டிவிட்டார்கள். 100 கோடி டாலர் கேட்டு வழக்கு போடுவேன் என்றார் டிரம்ப். வழக்கு வருவதற்கு முன்பே பிபிசி-யின் தலைமை இயக்குநர் டிம் டேவியும் செய்திப் பிரிவுத் தலைவர் டெபோரா டர்னஸும் ராஜினாமா செய்துவிட்டார்கள். பிபிசி மன்னிப்பு கேட்டது, பணம் தர மறுத்தது. டிசம்பரில் டிரம்ப் ஃப்ளோரிடாவில் நிஜமாகவே வழக்கு தொடர்ந்தார். கேட்ட தொகை இப்போது 1,000 கோடி டாலர்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. இங்கே நடந்ததற்கு ஒரு கூடுதல் அம்சமும் உண்டு: வழக்குச் செலவு அரசியல்வாதியின் பாக்கெட்டிலிருந்து போகவில்லை.

ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ.வும் 213 வழக்குகளும்

2011 சட்டமன்றத் தேர்தலில் ஜெயலலிதா தேர்ந்தெடுத்த தொகுதி ஸ்ரீரங்கம். 40 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்து முதல்வரானார். 2014 செப்டம்பரில் சொத்துக் குவிப்பு வழக்கில் தண்டனை வந்து பதவியை இழக்கும் வரை அவர் ஸ்ரீரங்கத்தின் எம்.எல்.ஏ. பிறகு விடுதலையாகி, 2015-ல் ஆர்.கே.நகரில் ஜெயித்தார்.

2011 முதல் 2016 வரையிலான அந்த ஐந்து ஆண்டுகளில் தமிழ்நாடு அரசு தொடர்ந்த அவதூறு வழக்குகள் எத்தனை என்று உச்ச நீதிமன்றமே பட்டியல் கேட்டது. அரசு கொடுத்த கணக்கு 213. இதில் திமுகவினர் மீது 85, ஊடகங்கள் மீது 55, தேமுதிகவினர் மீது 48. மாதத்துக்கு மூன்றுக்கும் மேல் என்று கணக்கு வருகிறது.

எதிர்க்கட்சித் தலைவராக இருந்த விஜயகாந்த் ஊர் ஊராகக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. திருப்பூர் நீதிமன்றம் அவர் மீதும் பிரேமலதா மீதும் ஜாமீனில் வெளிவர முடியாத வாரன்ட் பிறப்பித்தது. 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அரசு ஊழல் அரசு, திறமையில்லாத அரசு என்று விமர்சிப்பதையெல்லாம் அவதூறு ஆக்க முடியாது என்று நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். அடுத்த மாத விசாரணையில், பொது வாழ்க்கையில் இருப்பவர் விமர்சனத்தைச் சந்தித்துத்தான் ஆக வேண்டும் என்று இன்னும் நேரடியாகவே சொன்னார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அதே 2016 மே மாதம்தான் அவதூறைக் கிரிமினல் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தச் சட்டத்தையே ரத்து செய்யச் சொல்லி கோர்ட்டுக்குப் போனவர்களில் ஒருவர் சுப்பிரமணியன் சுவாமி. அவர் மேலும் ஜெயலலிதா அரசின் அவதூறு வழக்குகள் இருந்தன.

யார் காசில் நடக்கிறது வழக்கு?

சாதாரண ஆள் ஒருவர் அவதூறு வழக்கு போட வேண்டும் என்றால் அவரே மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், வாக்குமூலம் கொடுத்து, சொந்தமாக வக்கீல் வைத்து நடத்த வேண்டும். முதல்வர், அமைச்சர், அரசு அதிகாரிகளுக்கு மட்டும் இன்னொரு பாதை இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 199(2). இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 222.

இதன்படி, பதவி சார்ந்த செயல்பாடு பற்றி அவதூறாகப் பேசினால், அரசு ஓர் அரசாணை போட்டு அனுமதி தரும். அரசு வழக்கறிஞர் நேராக செஷன்ஸ் கோர்ட்டில் புகார் கொடுப்பார். ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. புகார் கொடுத்த அமைச்சர் ஒரு ரூபாய் செலவு செய்ய வேண்டாம். எதிரே நிற்கும் நிருபரும் ஆசிரியரும்தான் சொந்தச் செலவில் வக்கீல் வைக்க வேண்டும். வெறும் எம்.எல்.ஏ.வாக மட்டும் இருப்பவருக்கு இந்த வசதி கிடையாது. எம்.எல்.ஏ. என்பவர் சட்டத்தின் பார்வையில் 'பொது ஊழியர்' அல்ல என்று அந்துலே வழக்கில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ.வுக்குக் கிடைத்தது என்றால், அவர் முதல்வராகவும் இருந்ததால்தான்.

இந்தப் பாதைக்கு 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கடிவாளம் போட்டது. என்.ராம், சித்தார்த் வரதராஜன், நக்கீரன் கோபால் உள்ளிட்ட பத்திரிகையாளர்கள் மீதான வழக்குகளை நீதிபதி அப்துல் குத்தூஸ் ரத்து செய்தார். அரசு என்பது பெற்றோர் மாதிரி, பிள்ளைகள் திட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டுமே தவிர உடனே கேஸ் போடக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அரசு வழக்கறிஞர் வெறும் தபால் ஆபீஸ் மாதிரி, வந்த புகாரை அப்படியே கோர்ட்டுக்கு அனுப்பக் கூடாது, யோசித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

2021-ல் ஆட்சி மாறியதும் ஊடகங்கள் மீதான சுமார் 90 அவதூறு வழக்குகளைத் திரும்பப் பெற ஸ்டாலின் அரசு உத்தரவிட்டது. நாளிதழ், வார இதழ் மட்டுமல்ல, டிவி சேனல்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதற்காக ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 2023 மே மாதம், 'திமுக ஃபைல்ஸ்' விவகாரத்தில் அண்ணாமலை மீது முதல்வர் சார்பில் அவதூறு வழக்கு தாக்கலானது. தாக்கல் செய்தவர் சென்னை மாநகர அரசு வழக்கறிஞர். அதாவது அதே பழைய பாதை.

அதிகாரி சொந்தமாகவும் வழக்கு போடலாம். திருச்சியிலேயே உதாரணம் இருக்கிறது. ஐபிஎஸ் அதிகாரி வருண்குமார், நாம் தமிழர் கட்சி ஒருங்கிணைப்பாளர் சீமான் மீது தனிப்பட்ட முறையில் திருச்சி நீதிமன்றத்தில் அவதூறு வழக்கு தொடர்ந்தார். 2025 ஏப்ரலில் சீமான் நேரில் ஆஜரானார்.

100 கோடி கேட்டால் 3 கோடி கட்டணும்!

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'மான நஷ்ட வழக்கு' என்று பொதுவாகச் சொன்னாலும் அது இரண்டு வகை. பணம் கேட்பது சிவில். ஜெயிலுக்கு அனுப்பக் கேட்பது கிரிமினல்.

சிவில் வழக்கில் கேட்கும் தொகைக்கு ஏற்ப கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இது முன்பு 7.5 சதவீதம், 2017-ல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். திருச்சி மாவட்ட நீதிமன்றத்தில் 100 கோடி கேட்டு வழக்கு போட்டால் கட்டணம் மட்டும் 3 கோடி. ஆனால் 100 கோடி கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்ப? வக்கீல் ஃபீஸும் பதிவுத் தபால் செலவும்தான். நோட்டீஸில் 100 கோடி, 500 கோடி என்று இருக்கும் தொகை, வழக்காக மாறும்போது ஒரு கோடி என்று சுருங்குவது ஏன் என்று இப்போது புரியும். (அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டில் எவ்வளவு கேட்டாலும் தாக்கல் கட்டணம் 405 டாலர்தான். டிரம்புக்குப் பூஜ்ஜியங்களைச் சேர்க்கத் தயக்கம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.)

கிரிமினல் புகாருக்கு இப்படிச் சதவீதக் கட்டணம் எதுவும் கிடையாது. பழைய ஐபிசி 499, 500 பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவாகிவிட்டன. இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிதாக, சமூக சேவை செய்யச் சொல்லியும் தண்டனை தரலாம்.

'உண்மையைத்தானே சொன்னோம்' என்றால் போதாதா?

சிவில் வழக்கில் போதும். செய்தி உண்மை என்று நிரூபித்துவிட்டால் வழக்கு நிற்காது. கிரிமினலில் போதாது. உண்மையாகவும் இருக்க வேண்டும், பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் நிரூபிக்க வேண்டியது செய்தி போட்டவர். புகார் சொன்னவர் அல்ல.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஸ்ரீரங்கத்தில் ஒரு சாலை ஒப்பந்தத்தில் முறைகேடு என்று உள்ளூர் கேபிள் சேனல் ஒன்று செய்தி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆதாரம், பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் ஊழியர் கொடுத்த காகிதம். செய்தி உண்மைதான். ஆனால் கோர்ட்டில் அந்த ஊழியரைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவர் வேலை போகும். நிறுத்தாவிட்டால் சேனல் மாட்டிக்கொள்ளும். ஒரு நிருபர், ஒரு கேமராமேன், ஒரு அறை என்று ஓடும் சேனல் இந்த நிலையில் என்ன செய்யும் என்று ஊகிக்கச் சிரமம் இல்லை.

சென்னை சேனலைத் திருச்சிக்கு இழுக்க முடியுமா?

முடியும். டிவி செய்தி எங்கெல்லாம் பார்க்கப்பட்டதோ அங்கெல்லாம் 'வெளியிடப்பட்டது' என்று வாதிடலாம். சென்னை ஸ்டூடியோவில் வாசித்த செய்திக்கு, 300 கிலோமீட்டருக்கு அப்பால் திருச்சியிலும் புகார் கொடுக்கலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆசிரியர் ரயில் ஏற வேண்டும். இதைத் தடுக்கச் சட்டத்தில் சின்னதாக ஒரு வடிகட்டி உண்டு: குற்றம்சாட்டப்பட்டவர் வெளியூர்க்காரர் என்றால், சம்மன் அனுப்பும் முன் மாஜிஸ்திரேட் கட்டாயம் விசாரித்துப் பார்க்க வேண்டும். புதிய சட்டத்தில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. புகாரை எடுத்துக்கொள்ளும் முன்பே எதிர்த் தரப்புக்குப் பேச வாய்ப்பு தர வேண்டும்.

பிபிசி வழக்கிலும் இதே சண்டைதான். நிகழ்ச்சி அமெரிக்காவில் ஒளிபரப்பாகவே இல்லை, அப்புறம் ஃப்ளோரிடாவில் என்ன வழக்கு என்பது பிபிசி-யின் வாதம்.

நக்கீரன் வாங்கிக் கொடுத்த பாதுகாப்பு

இந்தியாவில் ஊடகங்கள் இன்றும் கையில் எடுக்கும் முக்கியமான தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போனது. தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் தடுத்தார்கள். 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசு மான நஷ்ட ஈடு கேட்க முடியாது. அதிகாரிகள் தங்கள் பணி தொடர்பான விமர்சனத்துக்கு இழப்பீடு கேட்டால், செய்தி பொய் என்பதோடு உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் போட்டார்கள் என்றும் காட்ட வேண்டும். வெளியாகும் முன்பே தடுக்கவும் முடியாது. 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க்-ஜீ வழக்கிலும், விசாரணை முடியும் முன் அவசரப்பட்டுச் செய்தியை நீக்கச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களை எச்சரித்தது.

தப்பு சேனல் மேல் இருந்தால்?

அதுவும் நடக்கிறது. 2008-ல் டைம்ஸ் நவ் சேனல், ஊழல் விவகாரத்தில் அடிபட்ட வேறொரு நீதிபதியின் படத்துக்குப் பதிலாக ஓய்வுபெற்ற நீதிபதி பி.பி.சாவந்தின் படத்தைப் போட்டுவிட்டது. சில விநாடிகள்தான். 2011-ல் புனே நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. தொகை அதிகம் என்று பலர் விமர்சித்தார்கள். ஆனால் அவர் முகம் தப்பாகத் திரையில் வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

அரசியல்வாதிக்கும் மானம் உண்டு, குடும்பம் உண்டு. கோர்ட்டுக்குப் போகாமலேயே ஒரு வழியும் இருக்கிறது. கேபிள் டிவி விதிகளில் 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, யார் வேண்டுமானாலும் சேனலுக்கே புகார் அனுப்பலாம், 15 நாளில் சேனல் பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் சுயஒழுங்கு அமைப்புக்குப் போகலாம், அதற்கும் மேலே மத்திய அரசு. செலவு இல்லை. ஆனால் விமான நிலைய வாசலில், 15 மைக்குக்கு முன்னால், "சேனலுக்குப் புகார் மனு அனுப்பப் போறேன்" என்று சொன்ன தலைவரைப் பார்த்தவர்கள் குறைவு.

இன்னொரு கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பணம் கேட்கும் மான நஷ்ட வழக்கை, செய்தி வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். தனிநபர் கிரிமினல் புகாருக்கு மூன்று ஆண்டு. பிரிட்டனிலும் கெடு ஓராண்டுதான். பனோரமா நிகழ்ச்சி ஒளிபரப்பானது 2024 அக்டோபரில், டிரம்ப் மிரட்டியது 2025 நவம்பரில். லண்டன் கோர்ட்டின் கதவு மூடிய பிறகுதான் அவர் ஃப்ளோரிடா பக்கம் திரும்பினார்.